ரணசிகிச்சையில் உதவும் கைகள்

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டு ஒருவர் சுகமாக வீடு திரும்பினால், ஊரார் டாக்டரின் கைராசியைப் புகழ்கின்றனர். அப்புகழ் அவருக்கு உரியதே. ஆனால் ரணசிகிச்சை ஒருவர் கையால் மாத்திரம் நடைபெறும் காரியமன்று. டாக்டர் கத்தியை ஏந்துமுன் அக்கத்தி கிருமியற்றதாயிருத்தல் வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் யந்திரம் பழுதின்றி இருத்தல் வேண்டும். நோயாளியை மேஜைமீது கிடத்தும் முறையில் பிசகிருத்தல் கூடாது. இவற்றையெல்லாம் கவனிக்கும் சிப்பந்தி ஒருவர் உண்டு. நம்மவர் அவரைத் தியேட்டர் டெக்னீஷியன் என்பர். அமெரிக்கர் சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்ட் என்பர். அவர் பெயரை நோயாளி அறியார். அவர் எங்கே படித்தார், எத்தனை நாள் பயின்றார், அவரைப் பரீட்சித்தவர் யார் என்று கேட்பாரும் இலர். இக்கேள்விகளை நாட்டார் கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டதென்பது நமது அபிப்பிராயம்.

இவ்வேலை எத்தகையதென்பதை முதலில் தெரிந்துகொள்ளுதல் நலம். கருவிகளை ஆட்டோகிளேவ் என்னும் நீராவிப் பாத்திரத்தில் 121 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில், 15 பவுண்டு அழுத்தத்தில், குறைந்தது 15 நிமிஷம் வைக்கவேண்டுமென்பது இத்தொழிலின் பாலபாடம். ஆனால் கருவியில் ஒட்டிய இரத்தத்தை முன்னதாகக் கழுவாவிடில் நீராவி அதனடியிற் செல்லாது. துணி மூட்டைகளை இறுக அடுக்கினாலும் அப்படியே. மூட்டைமேல் ஒட்டிய பட்டையின் நிறம் மாறிவிட்டதென்று திருப்தியடைவதும் தவறு. அந்நிறம் வெளியே உஷ்ணம் பட்டதைக் காட்டுமேயன்றி, உள்ளே கிருமி மாண்டதைக் காட்டாது. ஸ்பிரிட் கலந்த மருந்தைத் தோலிற் பூசி, அது உலருமுன் மின்சாரத்தாற் சுடும் டயதர்மியை உபயோகித்தால் தீப்பற்றும். மயங்கிக் கிடப்பவனுக்கு வலி தெரியாது. ஆகவே அவன் கையை அளவுக்கு மிஞ்சி விரித்து வைத்தால் நரம்பு கெட்டு, விழித்தபின் அக்கை விளங்காமற் போகலாம். பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இவ்விஷயங்கள் ஒவ்வொன்றிலும் ஓர் உயிரோ ஓர் அங்கமோ தொங்குகின்றது.

எல்லாவற்றிலும் முக்கியமானது எண்ணிக்கை. பஞ்சுத் துணி, ஊசி, கருவி ஆகியவற்றை ஆரம்பத்தில் எண்ணி, காயத்தைத் தைத்து மூடுமுன் மறுபடியும் எண்ணுதல் வேண்டும். நமது ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இது நர்ஸின் வேலை. சிறு ஆஸ்பத்திரிகளில் டெக்னீஷியனே பார்த்துக்கொள்வதும் உண்டு. கணக்கில் ஒன்று குறைந்தால், "ஒரு துணி குறைகிறது; இப்போது மூடவேண்டாம்" என்று சொல்லவேண்டும். யாரிடம் சொல்லவேண்டும்? அவ்வறையில் சர்வாதிகாரம் வகிக்கும் பெரிய டாக்டரிடம். முறையாகப் படித்துப் பரீட்சையில் தேறி, பதிவேட்டிற் பெயர் பெற்றவர் தயங்காமற் சொல்வார். சொல்வது தம் கடமையென்பதை அவர் அறிவார். அதற்காகத் தம்மை யாரும் நீக்கிவிட முடியாதென்பதையும் அறிவார். வாசலிற் காவல் காத்தவனை அழைத்து அங்கி மாட்டி நிறுத்தினால் அவன் வாய் திறப்பானா? பயிற்சி கைக்குத் திறமையைக் கொடுக்கிறது. அதனுடன் அந்தஸ்தும் சேர்ந்தாலன்றி வாய்க்குத் தைரியம் வராது.

இது வெறும் யூகமன்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2008ல் ரணசிகிச்சைக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளியின் பெயர், வெட்டவேண்டிய இடம், கருவிகளின் சுத்தம், துணிகளின் எண்ணிக்கை முதலியவற்றை அரங்கிலுள்ளோர் வாய்விட்டுக் கூறி ஊர்ஜிதம் செய்யவேண்டுமென்பதே அதன் சாரம். டில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் இதனைப் பரீட்சித்து, 2009ல் முடிவை வெளியிட்டனர். மரணம் நூற்றுக்கு 1.5லிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பெரிய சிக்கல்கள் 11லிருந்து 7 ஆகக் குறைந்தன. இதற்குப் புது மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. அரங்கில் நிற்கும் ஒவ்வொருவரும் தம் வேலையை அறிந்து, வாய் திறந்து பேசினர், அவ்வளவே.

இனிச் சட்டத்தின் நிலைமையைப் பார்ப்போம். நமது தேசத்தில் நர்ஸுகளுக்கு 1947லேயே கவுன்சில் சட்டம் பிறந்தது. மருந்து கலப்போருக்கும் பல் வைத்தியருக்கும் 1948ல் சட்டங்கள் வந்தன. நோயாளியின் திறந்த வயிற்றினருகில் நிற்பவருக்கோ, 2021 வரை அகில இந்தியச் சட்டம் எதுவுமில்லை! அவ்வாண்டிலேதான் துணை மருத்துவத் தொழிலோருக்கான தேசியக் கமிஷன் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறிற்று. துணைத் தொழிலோர் எனப்படுவோருக்கு 2,000 மணிக்குக் குறையாத படிப்பு வேண்டுமென்று அது விதித்தது. ராஜ்யந்தோறும் ஆறு மாதத்திற்குள் கவுன்சில் அமைத்துப் பதிவேடு வைக்கவேண்டுமென்றும் கூறிற்று. ஆயினும் ராஜ்யங்கள் காட்டிய சுறுசுறுப்பு யாது? 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, அக்டோபர் 12க்குள் சட்டத்தை அமல் செய்யுமாறு கட்டளையிட நேர்ந்தது. பிரிட்டனிலோ 2004 முதலே இத்தொழிலோருக்குப் பதிவேடு உண்டு. அதிற் பெயரில்லாதவர் அப்பட்டத்தைச் சூட்டிக்கொள்ளுதல் குற்றமாகும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அமலுக்கு வராத சட்டம் நோயாளியைக் காவாது.

இத்தாமதத்தால் லாபமடைவோரும் உளர். ஆறு மாதத்தில் சர்ட்டிபிகேட், அதன்பின் நிச்சயமாக வேலை என்று சுவரெங்கும் விளம்பரம் செய்யும் ஸ்தாபனங்களை நாம் காண்கிறோம். சட்டம் கூறும் 2,000 மணி எங்கே? இந்த ஆறு மாதம் எங்கே? தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்துத் தொழில்நுட்பத்தில் மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு நேர்ப்பயிற்சியும் கொண்ட பட்டம் இருக்கின்றது. அதற்கு இடம் கிடைக்காத குடியானவர் மகனும் நெசவாளர் மகளுமே இவ்விளம்பரங்களில் விழுகின்றனர். நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகின்றனர். ஆட்டோகிளேவைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டு, ஒரு காகிதத்துடன் வெளியே வருகின்றனர். குறைந்த சம்பளத்துக்கு ஆள் தேடும் ஆஸ்பத்திரி அவர்களை எடுத்துக்கொள்கின்றது. ஏமாந்தவர் இருவர்: பணம் கொடுத்த இளைஞர் ஒருவர், மேஜைமீது கிடக்கும் நோயாளி மற்றொருவர்.

கண்டிப்புச் செய்தால் சிறு ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் கிடைக்காதென்று சிலர் ஆட்சேபிப்பர். அதில் உண்மை இல்லாமலில்லை. பதினைந்து இருபது வருஷம் அனுபவத்தால் தேர்ந்த கைகளை ஒரே நாளில் வெளியே தள்ளுவது அநியாயம் மட்டுமன்று, மூடத்தனமுமாகும். அத்தகையோருக்குக் குறுகிய பயிற்சி அளித்து, செய்கைமுறைப் பரீட்சை நடத்தித் தேறியவரைப் பதிவு செய்யலாம். ஆனால் ஏழைக்கு இவ்வளவு போதும் என்னும் வாதத்தை நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டோம். கிருமி பணக்காரன் வயிறு, ஏழை வயிறு என்று பேதம் பார்ப்பதில்லை.

கைவேலையைத் தாழ்வாக எண்ணும் புத்தியும் இதற்கெல்லாம் ஒரு காரணம். இது நமக்கு மாத்திரம் உரிய தோஷமன்று. அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்ற நீக்ரோ வகுப்பினர் ஒருவர் இருந்தார். தச்சு வேலை தெரிந்தவர். கல்லூரிப் படிப்புக்கு வசதியில்லாதவர். 1930ல் டாக்டர் பிளேலக்கின் ஆராய்ச்சிச் சாலையில் உதவியாளராய்ச் சேர்ந்தார். செய்ததோ ஆராய்ச்சி நிபுணரின் வேலை. சம்பளப் பட்டியலிலோ அவர் வாயிற்காவலர் வகுப்பில் வைக்கப்பட்டார். உடல் நீலம் பாய்ந்து மடியும் குழந்தைகளுக்கான இருதய ரணசிகிச்சையை மிருகங்களில் செய்து பக்குவப்படுத்தியவர் அவரே. 1944 நவம்பர் 29ந் தேதி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் முதற் குழந்தைக்கு அச்சிகிச்சை நடந்தபோது, அவர் ஒரு முக்காலிமீது ஏறி டாக்டரின் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு தையலுக்கும் யோசனை கூறினார். அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது 1976ல். அவ்வறையில் நிறத்தையும் பதவியையும் பாராமல் அவர் சொல்லுக்குச் செவி சாய்த்தமையால் அன்று அக்குழந்தை பிழைத்தது. நமது அரங்குகளிலும் ஜாதியையும் சம்பளத்தையும் பாராமல் அறிந்தவர் சொல் கேட்கப்படவேண்டும்.

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை. ராஜ்ய கவுன்சில் முழு அதிகாரத்துடன் வேலை செய்யவேண்டும். அதன் பதிவேடு எவரும் பார்க்கக்கூடியதாய் இருக்கவேண்டும். தனக்கென ஆஸ்பத்திரியோ, அரங்கில் மாணவரை நிறுத்திப் பழக்கும் ஏற்பாடோ இல்லாத ஸ்தாபனம் ஒரு காசும் கட்டணம் வாங்கக் கூடாது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இவ்வேலைகளுக்கு நிரந்தர உத்தியோகமும் தக்க சம்பளமும் ஏற்படவேண்டும். சட்டசபை அங்கத்தினர்கள் தங்கள் தொகுதி ஆஸ்பத்திரியில் அரங்கிற் பணிபுரிவோர் எத்தனை பேர், பதிவு பெற்றவர் எத்தனை பேர் என்று கேட்டறிந்து வெளியிடட்டும். ஊர்தோறுமுள்ள தேச ஊழியர்கள், பணம் கட்டப்போகும் பெற்றோரிடம் சென்று மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுக்கட்டும்: இப்படிப்பை அங்கீகரித்தது யார்? பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்? அரங்கில் நிற்பது எத்தனை மணி? இம்மூன்றுக்கும் எழுத்து மூலம் பதில் தராத இடத்தில் நமது பிள்ளைகள் கால் வைக்கவேண்டாம்.