மூடுவதற்கு முன்



செஸ்னா 172 போன்ற பழைய சிறு விமானங்களில் தலைக்குமேல் உலோகக் கூரையை மறைத்து ஒரு துணி கட்டப்பட்டிருக்கும். அதன் பின்புறத்தில் தைத்த குழல்மடிப்புகளில் வளைகம்பிகள் நுழைந்து துணியைத் தாங்கும். கம்பிக்குக் கம்பி வளைவு வேறு. கழற்றும்போதே எண்ணிட்டவர் பிழைத்தார்! பழைய துணியைப் பிரித்து, அதையே அளவாக வைத்துப் புதியதை வெட்டுவர். வெயிலில் சுருங்கிய துணியோ பொய்யளவு காட்டும்.

அமெரிக்க விதிகளின் பகுதி 43, விமானியான உரிமையாளரே இவ்வுள்ளலங்காரத்தைப் பழுதுபார்க்க இடந்தருகிறது; விமானத்தின் முதன்மைக் கட்டமைப்பையும் இயக்க அமைப்புகளையும் கழற்றாதவரைதான். துணியும் எளிதில் தீப்பற்றாததாய் இருக்கவேண்டும்.

பலர் அன்று நிறத்தையே ஆராய்கிறார்கள். எனக்கோ, துணியில்லாத அந்தச் சில நாட்களே பெரிதாகத் தோன்றுகின்றன. நீர் கசிந்த தடம், அரிப்பின் வெண்பொடி, உறை தேய்ந்த மின்கம்பி ஆகியவை அப்போதுதான் கண்ணில் படும். அவற்றை அப்படியே விட்டு அழகிய துணியால் மூடுவது, அதனடியில் அமரப்போகும் மனைவி மக்களுக்குச் செய்யும் அநீதி. தையல் ஒரு வாரம் தாமதித்தாலும், உரிமம் பெற்ற தொழில்நுட்பர் ஒருவர் விளக்கேந்தி அக்கூரை முழுவதையும் பார்த்த பின்னரே முதற்கம்பி ஏறட்டும்.