மாமியார் கொடுக்கும் விருந்து

மயிலாப்பூரிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கணவருக்கு எழுபது நிறைகிறது. பீமரத சாந்தியை ஊரில் முடித்த கையோடு அமெரிக்காவுக்கு வந்து விட வேண்டும் என்று பெண்ணும் மாப்பிள்ளையும் பிடிவாதமாய் இருக்கிறார்களாம். மியாமி துறைமுகத்திலிருந்து ஏழு நாள் உல்லாசக் கப்பல் பிரயாணத்துக்கு டிக்கெட் வாங்கியாகி விட்டது. செலவு முழுதும் மாப்பிள்ளையுடையது.

"ஒரே ஒரு ராத்திரியாவது என் பணத்தில் நான் அவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். முப்பது வருஷம் வாத்தியார் உத்தியோகம் பார்த்தவள். பென்ஷனில் மிச்சம் பிடித்து வைத்திருக்கிறேன். கப்பலில் தனியாகப் பணம் கட்டிச் சாப்பிடும் விசேஷ ஓட்டல்கள் உண்டாமே, அங்கே அழைத்துப் போகலாம் என்று ஆசை. ஆனால் போன வருஷம் நியூ ஜெர்ஸியில் ஓர் ஓட்டலில் இவர் இரண்டு டாலரை டிப்ஸ் என்று மேஜையில் வைத்தார். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. முகம் மட்டும் சிவந்து விட்டது. கப்பலிலும் அப்படி ஆகக் கூடாது. எவ்வளவு கொடுப்பது மரியாதை?" என்று கேட்கிறார்.

சகோதரி, டிப்ஸ் விஷயம் இருக்கட்டும். அதற்கு முன்னால் உங்கள் விருந்துக்கே ஓர் ஆபத்து இருக்கிறது. கப்பலில் பர்ஸைத் திறந்து பில் கொடுக்கிற வழக்கம் கிடையாது. ஏறும்போது ஆளுக்கு ஓர் அட்டை தருவார்கள். அறையைத் திறக்கிற சாவியும் அதுதான், கணக்குப் புஸ்தகமும் அதுதான். காப்பியிலிருந்து கம்பளிச் சால்வை வரை எதை வாங்கினாலும் அட்டையை நீட்டிக் கையெழுத்துப் போட வேண்டியது. கடைசியில் மொத்தமும் ஒரே கணக்காய் வந்து நிற்கும். யார் கணக்கில்? டிக்கெட் வாங்கினவர் எந்த கிரெடிட் கார்டைப் பதிவு செய்தாரோ அவர் கணக்கில்! நீங்கள் பெருமையாய் விருந்து கொடுத்துக் கையெழுத்தும் போட்டு விட்டு வருவீர்கள். பணம் மாப்பிள்ளை தலையில் விழுந்திருக்கும்.

ஆகையால் பெண்ணை ரகசியமாய்க் கூட்டுச் சேர்த்துக் கொள்ளுங்கள். உங்கள் அறைக் கணக்கைத் தனியாகப் பிரித்து, அதில் உங்கள் கார்டைப் பதிவு செய்து விடச் சொல்லுங்கள். கப்பல் ஏறிய அன்றே விருந்தினர் உதவி மேஜைக்குப் போய்க் கேட்டாலும் செய்து கொடுப்பார்கள். ரொக்க டாலரை முன்பணமாகக் கட்டி வைப்பதும் உண்டு. கார்டு என்றால், வெளிநாட்டில் செல்லும்படி பாங்கில் சொல்லித் திறந்து வைத்துக் கொண்டு புறப்படுங்கள். இது முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

இனி விசேஷ ஓட்டல். டிக்கெட்டிலேயே சேர்ந்த சாப்பாடு பெரிய ஹாலில் தினம் உண்டு. அதை விட்டு, இத்தாலியச் சமையல், ஜப்பான் சமையல் என்று தனித் தனியே சிறிய ஓட்டல்கள் இருக்கும். இது புது நாகரிகம் இல்லை. 1905ல் 'அமெரிகா' என்ற ஜெர்மன் கப்பலிலேயே இப்படி ஒன்று வந்து விட்டது. 1912ல் மூழ்கிய டைட்டானிக்கிலும் இருந்தது. அதை நடத்தினவர் காட்டி என்ற இத்தாலியர். அங்கே வேலை செய்தவர்கள் கப்பல் கம்பெனிச் சிப்பந்திகள் அல்ல, காட்டியின் ஆட்கள். அறுபதுக்கு மேற்பட்டவர்களில் உயிர் தப்பினது 3 பேர்தான். சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது இதை ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. வாசித்ததிலிருந்து மனசை விட்டுப் போகவில்லை.

டிப்ஸுக்கு வருகிறேன். மியாமியிலிருந்து கிளம்பும் பெரிய கம்பெனிகளின் விசேஷ ஓட்டல்களில் டிப்ஸைக் கம்பெனியே பில்லில் சேர்த்து விடுகிறது. ராயல் கரீபியன் நூற்றுக்கு 18 சேர்க்கிறது. நார்வீஜியன் நூற்றுக்கு 20. உதாரணத்துக்கு ஆளுக்கு 50 டாலர் என்று வைத்துக் கொள்ளுங்கள். நாலு பேருக்கு 200 டாலர். நூற்றுக்கு 18 வீதம் 36 டாலர் சேர்ந்து 236 ஆகும். கப்பல் புறப்படுமுன்பே இன்டர்நெட்டில் பணம் கட்டினால் பெரும்பாலும் அப்போதே இதையும் வாங்கிக் கொண்டு விடுவார்கள். குடிக்கிற பானங்களுக்குத் தனிப் பில், அதற்கும் இதே வீதம். மாப்பிள்ளை என்ன குடிக்கிறார் என்று அன்றைக்கு ஒரு நாள் நீங்கள் பார்க்காமல் இருப்பது நல்லது.

ஆக, நீங்கள் கொடுக்க வேண்டிய டிப்ஸ் கொடுத்தாகி விட்டது. வேறு கடமை இல்லை. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. சாப்பிட்டு முடிந்ததும் கையெழுத்துக்கு ஒரு சீட்டு வரும். கூட்டுத் தொகைக்குப் பக்கத்தில், 'அதிகப்படி டிப்ஸ்' என்று ஒரு கோடு காலியாய் இருக்கும். காலி இடத்தைக் கண்டால் நிரப்பத்தான் கை துடிக்கும். அதிலும் அமெரிக்காவில் குடியிருக்கிறவர்களுக்கு அந்தக் கோடு பழகின கோடு. அங்கே கரையில் உள்ள ஓட்டல்களில் பில்லில் டிப்ஸ் சேர்ந்திருக்காது. நூற்றுக்கு 15, 20 என்று வாடிக்கையாளரே எழுத வேண்டும். டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்த பட்சக் கூலி, அந்த நாட்டு மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அது ஏறவில்லை. பல மாகாணங்கள் அதற்கு மேல் நிர்ணயித்திருந்தாலும், மிச்சத்தை மேஜையில் உட்காருகிறவர்கள்தான் கொடுத்தாக வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. உங்கள் கணவரின் இரண்டு டாலரைப் பார்த்து மாப்பிள்ளை ஏன் சிவந்தார் என்று இப்போது புரிகிறதல்லவா? அவர் மேல் தப்பில்லை. உங்கள் கணவர் மேலும் தப்பில்லை.

கரையில் கற்ற வழக்கத்தைக் கப்பலில் செய்தால் 36க்கு மேல் இன்னொரு 36 போய் விடும். கோட்டின் குறுக்கே ஒரு சின்னக் கீறல் போட்டு, கூட்டுத் தொகையை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சர்வர் உங்களைக் கஞ்சம் என்று நினைக்க மாட்டார். பில்லில் என்ன சேர்ந்திருக்கிறது என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தக் கோட்டை அங்கே வைத்த புண்ணியவான் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

இதே சமயத்தில் இன்னொரு யோசனையை யாராவது உங்கள் காதில் போடக் கூடும். விசேஷ ஓட்டலைத் தவிர, பொதுவாகவே ஆளுக்குத் தினம் இவ்வளவு என்று ஒரு டிப்ஸ் கணக்கில் ஏறிக் கொண்டே இருக்கும். 2023 நவம்பரில் ராயல் கரீபியன் அதைச் சாதாரண அறைக்காரர்களுக்கு 18.50 டாலராக உயர்த்தியது. மாப்பிள்ளை டிக்கெட்டோடேயே கட்டியிருக்கலாம். பெண்ணைக் கேட்டால் தெரியும். "அன்று ராத்திரி பெரிய ஹாலில் சாப்பிடவில்லையே, அதைக் குறைக்கச் சொல்" என்பார்கள். உதவி மேஜையில் கேட்டால் பல கம்பெனிகள் குறைத்தும் விடுகின்றன. நம் ஊரில் ஓட்டல்காரர்கள் சேவைக் கட்டணத்தைத் தாங்களாகச் சேர்க்கக் கூடாது என்று 2022ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் டில்லி ஹைக்கோர்ட்டும் அதையே ஆமோதித்தது. அந்த ஞாபகத்தில் கப்பலிலும் கேட்கத் தோன்றும். தயவு செய்து கேட்காதீர்கள். அந்தப் பணம் அறையைச் சுத்தம் செய்கிறவர், சாப்பாடு பரிமாறுகிறவர், கண்ணில் படாமல் உள்ளே வேலை செய்கிறவர் என்று பங்காகிறது. மாதக் கணக்கில் குடும்பத்தை விட்டு வந்து வேலை செய்கிறவர்கள் அவர்கள். ஒரு ராத்திரி நாம் வேறு ஓட்டலுக்குப் போனதற்காக அவர்கள் பங்கில் கை வைப்பதா?

கையிலிருந்து கொடுக்க ஆசையாயிருந்தால் அதற்கும் இடம் இருக்கிறது. நீங்கள் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய ஹாலில் முதல் நாளே ஹெட் வெயிட்டரிடம் சொல்லி வையுங்கள். பல கப்பல்களில் சமையலறையில் இந்தியர்கள் இருக்கிறார்கள். மறுநாளிலிருந்து பருப்பு, சப்பாத்தி, காய்கறிக் கூட்டு என்று மெனுவில் இல்லாததெல்லாம் வந்து சேரும். அது பில்லில் ஏறாத உபசாரம். அந்த மனிதருக்குக் கடைசி ராத்திரி பத்தோ இருபதோ டாலரை ஒரு கவரில் போட்டு, பெயர் சொல்லி அழைத்து, கையில் கொடுங்கள். சட்டையில் பெயர் இருக்கும். பல கப்பல்களில் சொந்த நாடும் எழுதியிருக்கும். முன்னாளில் கப்பல்களில் டிப்ஸ் முழுவதுமே இப்படிக் கடைசி ராத்திரிக் கவரில்தான் போயிற்று. ஐந்து, பத்து டாலர் நோட்டுக்களாகச் சென்னையிலேயே மாற்றிக் கொண்டு போங்கள். ரூபாய் நோட்டு வேண்டாம். நடுக் கடலில் அவர் அதை வைத்துக் கொண்டு என்ன செய்வார்?

உங்கள் கணவர் இரண்டு டாலரோடு காத்திருந்தால், இந்தக் கவரை அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும்.

விருந்துக்கு இத்தாலிய ஓட்டலே உங்களுக்குச் சௌகரியம். கத்திரிக்காயும் தக்காளியும் பாலாடைக்கட்டியும் அவர்கள் சமையலில் தாராளமாய்ப் புழங்கும். மாட்டிறைச்சிக்குப் பேர் போன ஓட்டலில் போய் நாலு பேரும் உருளைக்கிழங்கு சாப்பிட 236 டாலர் கொடுக்க வேண்டாம். இடத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கடைசி நேரத்தில் ரத்துச் செய்தால் சில கம்பெனிகள் பணம் பிடிக்கின்றன. எழுபது நிறைந்தவர் என்று பதிவு செய்யும்போதே சொல்லி விட்டால், சர்வர்கள் கூட்டமாய் வந்து மேஜையைச் சுற்றிக் கை தட்டிப் பாட்டுப் பாடுவார்கள். உங்கள் கணவர் கூச்சப்படுகிற மனுஷர் என்றால் அதை மட்டும் சொல்லாமல் விட்டு விடுங்கள்.