நகல் தரும் நிம்மதி

அண்மைக் காலமாக எமது இலக்கியச் சந்திப்புகளில் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழுகிறது. ஈராக், சிரியா, சூடான் என்று பேச்சு எழுந்து, அங்குள்ள நூதனசாலைகள் சூறையாடப்பட்ட கதை வந்ததும் யாராவது ஒருவர், "கவலைப்பட ஒன்றுமில்லை, இப்போது எல்லாவற்றையும் கணனியில் ஏற்றிவிட்டார்கள்" என்கிறார். கூட்டம் தலையாட்டுகிறது. அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறோம். இந்தத் தலையாட்டலோடுதான் எனக்குச் சண்டை.

டிஜிட்டல் பதிவுக்கு நான் எதிரியல்லன். போர் நெருங்கக்கூடிய எந்த ஊரிலும், நூதனசாலையிலுள்ள ஒவ்வொரு பொருளும் படமெடுக்கப்பட்டு, அளக்கப்பட்டு, பதியப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்த ஏடுகளை நினைத்துப் பார்ப்பவருக்கு, பிரதியே இல்லாத இழப்பு எத்தகையது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் நகல் எதற்காக எடுக்கப்படுகிறது, அது யார் கையில் இருக்கிறது என்று கேளாமல் கைதட்டுவது வேறு விடயம்.

பக்தாதில் நடந்ததைப் பாருங்கள். 2003 ஏப்ரல் 10 முதல் 12 வரை ஈராக் தேசிய நூதனசாலை கொள்ளையிடப்பட்டது. எண்ணெய் அமைச்சுக்கு உடனடியாகக் காவல் போட்ட அமெரிக்கப் படை, நூதனசாலை வாசலுக்கு 16ஆம் திகதிதான் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 15,000 பொருட்கள் போயிருந்தன. அவற்றுள் ஒன்று 5,000 ஆண்டுப் பழமை கொண்ட வர்க்கா சாடி. ஒரு மீற்றர் உயரமானது. கலை வரலாற்று நூல்களில் அதன் படத்தைக் காணாதவர் குறைவு. ஜூன் மாதத்தில் அது ஒரு காரில் துண்டுகளாகத் திரும்பி வந்தது. அவ்வளவு பிரபலமான பொருளை விற்க எந்தத் திருடனாலும் முடியாது. ஆனால் நிலவறையிலிருந்து களவு போன ஏறத்தாழ 5,000 உருளை முத்திரைகளின் கதை அப்படியல்ல. அவை விரலளவுக் கற்கள். ஒரு பிடி அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எல்லை கடந்துவிடலாம். அவற்றுள் பல இன்னமும் திரும்பவில்லை.

டிஜிட்டல் பதிவின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. ஒரு திருட்டுப் பொருள் எங்கோ ஓர் ஏல மண்டபத்தில் தலைகாட்டும்போது, "இது எங்களுடையது, இதோ படம், இதோ அளவு, இதோ பதிவிலக்கம்" என்று ஒரு நாடு எழுந்து நின்று சொல்வதற்கான ஆதாரம் அது. 1991இல் ஈராக்கிலிருந்து களவு போன கில்கமேஷ் கனவுப் பலகை, பொய்க் கடிதமொன்றின் துணையோடு கைமாறிக் கைமாறி, 2014இல் 16 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. அது வீடு திரும்பியது 2021இல். முப்பது வருடம்! நகல் என்பது நீதிமன்றத்துக்குப் போகும் சாட்சி. நாம் அதை மையித்து வீட்டில் ஆறுதல் சொல்லவரும் விருந்தாளியாக்கி வைத்திருக்கிறோம்.

சாட்சி சம்பவத்துக்கு முன்பே அங்கு இருந்திருக்க வேண்டும். 2009 நவம்பரில் கூகுளின் அன்றைய தலைவர் எரிக் ஷ்மித் பக்தாதுக்கு வந்து, நூதனசாலையின் பொருட்களைப் படமெடுத்து உலகுக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தார். நல்ல காரியந்தான். ஆனால் கொள்ளை நடந்து ஆறரை வருடங்கள் கழிந்திருந்தன. படமெடுக்க முடிந்தது எஞ்சியதை மட்டுமே.

இனி பல்மைராவுக்கு வருகிறேன். அரபிகள் தத்மூர் என்று அழைக்கும் அந்தச் சிரிய நகரின் வெற்றி வளைவை ஐ.எஸ். இயக்கத்தினர் 2015 ஒக்டோபரில் தகர்த்தனர். ஆறே மாதத்தில், 2016 ஏப்ரலில், லண்டன் ட்ரபல்கார் சதுக்கத்தில் அதன் நகல் ஒன்று எழுந்தது. புகைப்படங்களைக் கொண்டு கணனியில் முப்பரிமாண உரு அமைத்து, எகிப்திய சலவைக்கல்லை இத்தாலியில் இயந்திரங்களால் செதுக்கிய, மூலத்தைவிடச் சிறிய வளைவு. லண்டன் மேயராக இருந்த பொரிஸ் ஜோன்சன் திரை விலக்கினார். பின்னர் வளைவு பயணம் புறப்பட்டது. செப்டெம்பரில் நியூயோர்க். 2017 பெப்ரவரியில் டுபாய். இந்தப் பயணத்துக்கு நடுவே நடந்தது என்ன தெரியுமா? 2016 டிசெம்பரில் பல்மைரா மீண்டும் ஐ.எஸ். கைக்குப் போனது. ஜனவரியில் நாற்றூண் மண்டபமும் ரோமானிய அரங்கின் முகப்பும் சிதைக்கப்பட்ட செய்தி வந்தது. நகல் ஊர் ஊராக உலா வந்துகொண்டிருந்தபோது மூலம் நொறுங்கிக்கொண்டிருந்தது. அந்த விழாக்களில் பேசப்பட்ட "நாகரிகத்தின் வெற்றி" எது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

பல்மைராவைக் கணனியில் பதியும் வேலையை லண்டனில் எவரும் தொடக்கிவைக்கவில்லை. 2005ஆம் ஆண்டளவிலேயே அதற்கான தரவுகளைச் சேர்க்கத் தொடங்கியவர் பாஸில் கர்தபீல் என்ற இளம் மென்பொருள் வல்லுநர். பலஸ்தீன வேர் கொண்ட சிரியர். 2012 மார்ச்சில் சிரிய அரசு அவரைக் கைதுசெய்தது. 2015 ஒக்டோபரில் சிறையிலிருந்து கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி அவரது மனைவிக்கு எட்டியது 2017இல். அவருக்கு இரண்டு மாதங்கள் முந்தி, 2015 ஓகஸ்டில், நாற்பது வருடம் பல்மைராவின் தொல்பொருட்களுக்குப் பொறுப்பாயிருந்த முதியவர் காலித் அல்-அஸ்அதை ஐ.எஸ். கழுத்தறுத்துக் கொன்றது. நூதனசாலையின் சிலைகளை ஊர் விழுமுன் லொறிகளில் ஏற்றி அனுப்ப உதவியவர்களில் அவரும் ஒருவர். ஒருவரைக் கொன்றது அரசு, மற்றவரைக் கொன்றது அரசை எதிர்த்தவர்கள். கல்லைக் காத்தவரும் நகலைச் செய்தவரும் அந்த மண்ணின் பிள்ளைகள். பாஸிலின் உருக்களை அவரது நண்பர்கள் எவரும் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக்கியிருக்கிறார்கள். எம்மவர்களுக்கு ஜோன்சனின் வளைவு தெரிந்திருக்கிறது, பாஸிலின் பெயர் தெரியவில்லை.

நகலால் என்ன முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒன்றன்மேலொன்று படியும் பல புகைப்படங்களிலுள்ள பொதுப் புள்ளிகளைக் கணனி பொருத்திப் பார்த்து உருவத்தைக் கணிக்கிறது. உல்லாசப் பயணிகள் எடுத்த படங்கள் பெரும்பாலும் சிலையின் முன்பக்கத்தையே காட்டும். பின்பக்கம் ஊகம். களிமண் எந்த ஆற்றங்கரையிலிருந்து வந்தது, நிறத்தின் எச்சம் எதனாலானது என்பவற்றை நாளைய ஆய்வாளன் கேட்டால் கணனி வாய் திறக்காது. அதற்கு மேல், நகலின் ஆயுள்! இருபது வருடத்துக்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பிளொப்பி டிஸ்க்கில் வைத்த கட்டுரைகள் இன்று எமது எத்தனை எழுத்தாளர்களால் திறக்கக்கூடியவை? திறந்தாலும் திரையில் வருவது ஆங்கில எழுத்துகளின் குப்பை. சுமேரியன் ஈரக் களிமண்ணில் அழுத்திய எழுத்தை நாலாயிரம் வருடத்துக்குப் பிறகும் வாசிக்கிறார்கள்.

சரியாகச் செய்யப்பட்ட நகலுக்கும் உதாரணம் உண்டு. காஸாவின் பெரிய உமரி பள்ளிவாசல் 2023 டிசெம்பரில் தகர்க்கப்பட்டது. அதன் நூலகத்திலிருந்த இருநூறுக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளை, அதற்கு முந்திய சில வருடங்களில் காஸாவாசிகளே படமெடுத்து முடித்திருந்தார்கள். பிரிட்டிஷ் நூலகம் அதற்கு உதவியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். வேலை போருக்கு முன் நடந்தது, உள்ளூர்க் கைகளால் நடந்தது. சூடானில் 2023 ஏப்ரலில் போர் தொடங்கி, கார்ட்டூம் தேசிய நூதனசாலை துணைப்படையினரின் கைக்குள் போய், 2025 மார்ச்சில் இராணுவம் திரும்பப் பிடித்தபோது களஞ்சிய அறைகள் வெறுமையாகக் கிடந்தன. அங்கிருந்து போனவை ஒருநாள் சந்தைக்கு வரும். அப்போது தேவைப்படுவது பதிவேடும் படமும்தான், சதுக்கத்தில் நிறுத்தும் வளைவல்ல.

லண்டனைப் பற்றிச் சொன்னதால் இதையும் கேட்டுவிடுகிறேன். அசூர்பானிபாலின் சிங்க வேட்டைச் சிற்பப் பலகைகள் பிரிட்டிஷ் நூதனசாலையில் இருக்கின்றன. அவை நைனவாவிலிருந்து, அதாவது இன்றைய மொசூலிலிருந்து போனவை. 1853இல் அவற்றைக் கண்டெடுத்த ஹொர்முஸ்த் ரஸ்ஸாமும் மொசூலில் பிறந்தவரே. நகல் மூலத்துக்கு ஈடாகுமென்றால், நகலை லண்டனில் வைத்துக்கொண்டு கற்களை மொசூலுக்கு அனுப்பலாமே? அங்கே பாதுகாப்பில்லை என்பார்கள். 2003இல் ஈராக்கின் பாதுகாப்பைக் குலைத்த படையெடுப்பில் பிரித்தானியப் படையும் இருந்தது.

மொசூல் நூதனசாலையில் ஐ.எஸ். உடைத்து நொறுக்கிய அசீரியச் சிங்கத்தின் துண்டுகளை, 2018 முதல் லூவர், ஸ்மித்சோனியன் நிறுவனங்களின் வல்லுநர்களும் அந்த ஊர் ஊழியர்களும் சேர்ந்து பொறுக்கி, இலக்கமிட்டு, பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பொருத்திவருகிறார்கள். அங்கே படம் கல்லுக்குப் பணிவிடை செய்கிறது. அந்த வேலைக்குத் திரை விலக்கும் விழா இல்லை, மேயர் இல்லை, வருடக்கணக்கில் தூசுதான். எமது சஞ்சிகைகளில் எழுதுவதற்கு விடயம் தேடுபவர்கள் அந்தத் தூசைப் பற்றி எழுதட்டும்.