கல்விச் சிந்தனை: மறுபரிசீலனையும் பல்கலைக்கழக இடமும்

ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாத நடுப்பகுதியில் வரும் ஒரு வியாழக்கிழமை, வெம்பிளி வாழ் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தீர்ப்பு நாளாக அமைகின்றது. ஏ லெவல் பெறுபேறுகள் வெளியாகும் அந்நாளில் எதிர்பார்த்த தரம் ஒரு படி குறைந்துவிட்டால், வீடே துக்க வீடாகிவிடுகின்றது. 'மறுபடி திருத்தக் கொடுப்போம்' என்ற பேச்சும் உடனே எழுகின்றது. அப்பேச்சின் முழுப் பொருளையும் நம்மவர் அறிந்திருக்கின்றனரா என்பதே எம் ஐயம்.

முதலாவதாக, மறுபரிசீலனை என்பது விடைத்தாளைப் புதிதாகத் திருத்துவதன்று. முதலாவது திருத்துநர் இட்ட புள்ளியிற் பிழை உண்டா என்று இன்னொருவர் பார்ப்பதே அது. 2016 இல் ஒவ்குவால் என்னும் பரீட்சை ஒழுங்காற்றுச் சபை விதித்த நெறியின்படி, நியாயமான கணிப்பு ஒன்று தமது கணிப்பினின்று சற்று வேறுபடுகின்றது என்பதற்காக மட்டும் இரண்டாமவர் புள்ளியை மாற்றலாகாது. ஆதலின் மறுபரிசீலனைக்குச் செல்லும் தரங்களிற் பெரும்பாலானவை மாறுவதில்லை. சில உயர்கின்றன, சில தாழ்ந்தும் விடுகின்றன. தாழ்ந்தபின் பழைய தரத்தைத் திரும்பக் கேட்க இயலாது.

இரண்டாவதாக, காலக்கணக்கு மிக இறுக்கமானது. 2024 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். பெறுபேறுகள் ஓகஸ்ட் 15 இல் வெளியாகின. பல்கலைக்கழக இடம் ஊசலாடும் மாணவர்க்கான முன்னுரிமை மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கும் இறுதி நாள் ஓகஸ்ட் 22. விடை அளிக்கப் பரீட்சைச் சபைக்கு உள்ள அவகாசம் 15 நாள்கள். பல்கலைக்கழகங்களோ நிபந்தனையை நிறைவேற்றிய சான்றைப் பொதுவாக ஓகஸ்ட் முடிவுக்குள் எதிர்பார்க்கின்றன. முதல் நாளே விண்ணப்பித்தவருக்கு 30 ஆந் திகதிக்குள் விடை வந்துவிடும். இறுதி நாள்வரை உறவினரிடம் ஆலோசனை கேட்டுக் காத்திருந்தவருக்கோ விடை செப்ரெம்பர் 6 வரை தாமதிக்கலாம். தரம் உயர்ந்து வந்தாலும் இடம் பறிபோயிருக்கக்கூடும். அல்லது அடுத்த ஆண்டு வருமாறு பணிக்கப்படலாம்.

இவ்விடத்திற் பழைய வரலாறு ஒன்றும் புதிய வரலாறு ஒன்றும் நினைவுக்கு வருகின்றன. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் மருத்துவ பீட அனுமதிக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டப்பட்டன. அங்கே விடைத்தாளிற் பிழை இருக்கவில்லை. விதியிலேயே பிழை இருந்தது. எத்தனை முறை திருத்தினும் அது தீராது. இங்கிலாந்தில் 2020 இல் கொள்ளைநோய் காரணமாகப் பரீட்சைகள் நடைபெறாதபோது, ஆசிரியர் மதிப்பிட்ட தரங்களிற் கிட்டத்தட்ட 40 வீதமானவை கணினிச் சூத்திரம் ஒன்றினாற் குறைக்கப்பட்டன. பாடசாலையின் முன்னைய பெறுபேறுகள் அச்சூத்திரத்தில் மாணவனின் தலைவிதியை நிர்ணயித்தன. ஓகஸ்ட் 13 இல் வெளியான அத்தரங்களை எதிர்த்து மாணவர் வீதியில் இறங்கினர்; 17 ஆந் திகதி அரசு பின்வாங்கியது. விதிப்பிழையைத் தனியொருவரின் விண்ணப்பம் தீர்ப்பதில்லை, கூட்டுக்குரலே தீர்க்கும்.

ஆகவே பெற்றோர் மூன்றினைப் பிரித்தறிதல் வேண்டும். விதிப்பிழை ஒன்று, புள்ளிப்பிழை மற்றொன்று, நம் ஏமாற்றம் வேறொன்று. புள்ளிப்பிழைக்கு மட்டுமே மறுபரிசீலனை மருந்தாகும். தரப்படுத்தலின் காயத்தைச் சுமந்து வந்த நம் தலைமுறை, பிள்ளையின் தரம் குறைந்தவுடன் அநீதி நேர்ந்ததென்றே எண்ணுவது இயல்பு. எனினும் அக்காயத்தைப் பிள்ளையின் விடைத்தாள்மீது ஏற்றுதல் தகாது.

செய்யவேண்டியவை சில. பெறுபேறு வந்த காலையிலேயே மாணவர் தாமே பல்கலைக்கழகத்துடன் தொலைபேசியிற் பேசுதல் வேண்டும். ஒரு தரம் குறைந்தவர்களையும் சில பீடங்கள் ஏற்பதுண்டு. மறுபரிசீலனை கேட்கவிருப்பதையும் அப்போதே தெரிவித்தல் நன்று. அடுத்த தரத்துக்கு எத்தனை புள்ளிகள் குறைந்தன என்று பாடசாலையிற் கேட்டறிந்து, இயலுமாயின் திருத்திய விடைத்தாளின் பிரதியைப் பெற்றுப் பாட ஆசிரியரிடம் காட்டுதல் வேண்டும். பாடசாலை மாணவரின் விண்ணப்பம் பாடசாலை மூலமே செல்லும். தரம் மாறினாற் கட்டணம் மீளக் கிடைக்கும். காப்புத் தெரிவாக வைத்த இடத்தையோ, கிளியரிங் முறையிற் கிடைக்கும் இடத்தையோ அவமானமாகக் கருதிப் புறக்கணித்தலாகாது. ஆயினும் புதிய இடம் ஒன்றை ஏற்குமுன் பழைய பல்கலைக்கழகத்தின் முடிவைக் கேட்டறிதல் அவசியம்.

இறுதியாக ஒன்று. தரம் தாழவும் கூடுமாதலால், மறுபரிசீலனைக்கு மாணவரின் எழுத்துமூலச் சம்மதம் கட்டாயமாகும். தந்தையின் கையொப்பம் அதற்கு ஈடாகாது. விதி பிள்ளைக்கு அளித்த அந்த உரிமையை வீட்டிலும் அளிப்போமாக. ஊரார் கேட்பார்களே என்பதற்காக இடப்படும் கையொப்பம் சம்மதமாகாது.