அறிக்கைக்கு வெளியே கொஞ்சம் தமிழ்

தாம்பரத்திலோ சேலையூரிலோ ஒரு வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான் என்றால் தெருவார் கேட்கும் கேள்வி ஒன்றே: எந்தக் கம்பெனி? அமெரிக்கா என்றால் சாஃப்ட்வேர், துபாய் என்றால் கட்டுமானம் அல்லது கணக்கு. கென்யா என்று பதில் வந்தால் கேட்டவர் திகைத்துப்போவார். அங்கே என்ன வேலை என்ற அடுத்த கேள்விக்குப் பெற்றோரிடம் சொல் இராது. 'ஐ.நா. மாதிரி' என்பார்கள், 'சோஷியல் சர்வீஸ்' என்பார்கள். அப்படியானால் சம்பளம் உண்டா என்ற ஐயம் உடனே எழும்.

நம் பழைய மாணவர் ஒருவரின் பெற்றோர் முடிச்சூரில் பன்னிரண்டு ஆண்டுகள் இந்தக் கேள்விகளுக்கு ஈடுகொடுத்தார்கள். அவர் நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்று, பிறகு சமூகப்பணியில் முதுகலை முடித்து, வட கென்யாவின் ககுமா அகதி முகாமில் குடிநீர்த் திட்டமொன்றில் சேர்ந்தவர். 2025இல் உலகெங்கும் உதவி நிதி சுருங்கியபோது அவர் பணியும் போயிற்று. சென்ற மாதம் துறைக்கு வந்திருந்தார். "இத்தனை வருஷம் என்ன செய்தேன் என்று அப்பாவுக்குத் தமிழில் எழுதிக்கொடுக்க உட்கார்ந்தேன் ஐயா. ஒரு பக்கம்கூட வரவில்லை" என்றார்.

நாம் சற்று நேரம் பேசாதிருந்தோம். காரணம் உண்டு. அவர் புறப்படுமுன் விடைபெற வந்தபோது, "தம்பி, இனி உங்களுக்குத் தமிழ் சோறு போடாது. கொஞ்சகாலம் அதை மறந்துவிட்டு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதப் பழகுங்கள்" என்று உபதேசித்தவர் நாமேதான். சொன்னதைச் செய்யும் மாணவர்கள் சில நேரம் ஆசிரியருக்கு வினையாகிவிடுகிறார்கள்.

இந்தத் தொழிலுக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு பழையது என்பதைத் தாம்பரத்தார் பலர் அறியார். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. அங்கே 1940 முதல் 1946 வரை பொருளியல் பேராசிரியராக இருந்தவர் வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா. தாம்பரத்திலிருந்து ஜெனீவாவுக்குச் சென்று மாணவர் நல அமைப்பொன்றில் பணியாற்றினார். 1948இல் யுனெஸ்கோவில் சேர்ந்தார். 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநர். ஆசியாவும் ஆப்பிரிக்காவும் புதிதாக விடுதலை பெற்று, பள்ளிக்கூடங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. அறுபது வயதில் திரும்பி வந்தவர், பாரிஸ் பெருமையைப் பேசிக்கொண்டு ஓய்ந்திருக்கவில்லை. மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து 1971இல் அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். தாம்பரத்தில் தொடங்கிய பயணம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தள்ளி அடையாற்றில் வந்து நின்றது என்று சொல்லலாம்; நடுவில் உலகம்.

ஆதிசேஷையாவின் பேர்பெற்ற நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. அதில் நமக்கு வருத்தம் உண்டு. எனினும், அவர் அப்பதவியில் இருந்த காலத்திலேதான் யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பு 1967இல் பிறந்தது. அதன் ஆசிரியராக நெடுங்காலம் உழைத்த மணவை முஸ்தபா, அந்த உழைப்பின் தொடர்ச்சியாகக் கலைச்சொல் அகராதிகளையே தொகுத்தளித்தார். கூரியரின் பழைய பிரதிகளை மூர் மார்க்கெட் பக்கம் எடைக்கு வாங்கிப் படித்த தலைமுறை நம்முடையது. அணுவும் அகழாய்வும் ஆப்பிரிக்க முகமூடியும் ஒரே இதழில் தமிழில் கிடைத்த வியப்பு இன்னும் தீரவில்லை.

தாம் பார்த்த உலகத்தைத் தாமே தமிழில் எழுதியவர் என்றால் நம் நினைவுக்கு முதலில் வருபவர் அ. முத்துலிங்கம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் 1937இல் பிறந்தவர், தொழிலால் கணக்காளர். 1972இல் இலங்கையை விட்டு சியரா லியோனுக்குப் போனார். உலக வங்கிக்கும் ஐ.நா. அமைப்புகளுக்குமாக ஆப்பிரிக்காவிலும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பணிபுரிந்து, 2000இல் ஓய்வு பெற்றுக் கனடாவில் தங்கினார். வாசகர் இதையெல்லாம் அறிவர். ஆனால் நாம் சுட்ட விரும்புவது வேறு. அவருடைய முதல் தொகுதி 'அக்கா' 1964இல் வெளிவந்தது. அடுத்த தொகுதியான 'திகடசக்கரம்' வந்தது 1995இல். இடையே முப்பத்தொரு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியை அலுவலகமும் பெட்டி கட்டலும் தின்றிருக்க வேண்டும். அதன்பின் 'வம்சவிருத்தி', 'வடக்கு வீதி', 'மகாராஜாவின் ரயில் வண்டி' என்று அணை திறந்தாற்போல வந்தன.

அவர் கதைகளில் அதிகாரியை விட அதிகாரியின் காரோட்டி, காவலாளி, சமையல்காரர், வாடகை வீட்டுக்காரர் ஆகியோருக்கே இடம் அதிகம். ஐ.நா. அறிக்கையில் இவர்களுக்கு ஒரு வரியும் கிடையாது. சில இடங்களில் அந்நிய ஊரின் விநோதம் கதையை முந்திக்கொண்டு ஓடுகிறது என்ற குறை நமக்கு உண்டு; அங்கதம் வந்து பல நேரம் அதைக் காப்பாற்றிவிடுகிறது. எப்படியாயினும், இத்தொழிலிலிருந்து தமிழுக்குக் கிடைத்த பெருவரவு அவர் எழுத்து. தமிழ்த்துறைகளோ அவரைப் 'புலம்பெயர் இலக்கியம்' என்ற பெட்டியில் போட்டு மூடிவிட்டன. அந்தப் பெட்டியில் போர், இழப்பு, ஏக்கம் எல்லாம் அடங்கும். இன்னொரு நாட்டின் ஏழ்மையைச் சம்பளத்துக்குப் பார்க்கப் போன தமிழனின் கூச்சம் அதில் அடங்காது. நாமும் அப்படித்தான் பாடம் நடத்தினோம்.

மாணவரிடம் இவற்றைச் சொன்னோம். "அவர் பெரிய எழுத்தாளர் ஐயா. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்பியர் கையேடு" என்றார். பேரிடரிலும் முகாமிலும் மனிதருக்குக் குறைந்தபட்சம் எது கிடைத்தாக வேண்டும் என்பதற்கான உலக அளவுகோல் நூல் அது. நாளொன்றுக்கு ஆளுக்கு 15 லிட்டர் தண்ணீர். குழாய் ஒன்றுக்கு 250 பேருக்கு மேல் கூடாது. கழிப்பறை ஒன்றுக்கு 20 பேர். தண்ணீர் 500 மீட்டர் தொலைவுக்குள். மனப்பாடமாகச் சொன்னார். செய்யுள் ஒப்பித்த அதே குரல்.

பிறகு தானாகவே 2015 டிசம்பரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி, முடிச்சூர் மூழ்கிய நேரம். அவர் அப்போது ககுமாவில் லிட்டர்களை ஆள்களால் வகுத்துக்கொண்டிருந்தார். வீட்டுத் தொலைபேசி செத்துவிட்டது. அம்மாவும் அப்பாவும் எதிர்வீட்டு மாடியில் இரண்டு நாள் இருந்தார்கள் என்பது பிறகே தெரிந்தது. மாடியில் மொத்தம் பத்தொன்பது பேர், ஒரு கழிப்பறை. "கையேட்டின்படி அது சரியான கணக்குதான் ஐயா" என்று சிரித்தார். தண்ணீர்தான் கணக்கில் வரவில்லை. அம்மா பிரஷர் குக்கரை மழையில் வைத்துப் பிடித்திருக்கிறார்.

அந்த வாரம் முகாமில், குழாயடி வரிசையை ஒழுங்கு செய்யும் தென்சூடானியப் பெண் ஒருவர் இவர் முகத்தைப் பார்த்து விவரம் கேட்டாராம். வெள்ளம் என்று சொன்னதும் அந்த அம்மாள் வீடு இருக்கிறதா என்று கேட்கவில்லை. உன் அம்மா எதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார் என்று கேட்டார். இவருக்குத் தெரியவில்லை. மறுநாளும் கேட்டார். மூன்றாம் நாள் அப்பாவின் குரல் கிடைத்தபோது இவர் முதலில் விசாரித்தது அதைத்தான்.

"இதை எழுதுங்கள்" என்றோம். "இதில் என்ன இருக்கிறது, எந்தத் தலைப்பில் போடுவது?" என்றார். அறிக்கைப் பழக்கம் போகவில்லை.

போன வாரம் நான்கு பக்கம் அனுப்பியிருந்தார். சந்திப்பிழைகள் மலிந்திருந்தன, 'பயனாளிகள்' என்ற சொல் ஒன்பது முறை வந்திருந்தது. குழாயடி வரிசையில் பெண்கள் குடங்களோடு நின்றதாக எழுதியிருந்தார். ககுமாவில் குடம் ஏது என்று கேட்டோம். மஞ்சள் நிற ஜெர்ரிகேன்தான் ஐயா, தமிழ்த்துறைக்கு அனுப்புகிறேனே என்று குடமாக மாற்றிவிட்டேன் என்று பதில் வந்தது. முடிச்சூரில் உங்கள் அம்மா எதைச் சொல்வார் என்று திரும்பக் கேட்டோம். கேன் என்றார். 'குடம்' என்று வந்த இடங்களையெல்லாம் அடித்து 'மஞ்சள் கேன்' என்று நம் கையாலேயே எழுதி, சந்திப்பிழைகளை அப்படியே விட்டு, பக்கங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.