தென்கோடியில் ஒரு குள்ளன்

சூரியனை விட்டால் நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற நட்சத்திரம் எது? ஆல்ஃபா சென்டாரின்னு சொன்னா பாதி மார்க்தான். அதோட மூணாவது கூட்டாளி பிராக்ஸிமா சென்டாரிதான் சரியான பதில். தூரம் 4.24 ஒளியாண்டு.

இது ஒரு சிவப்புக் குள்ளன். எடை சூரியனில் 12 சதவீதம், உருவம் வியாழனைப்போல ஒன்றரை மடங்கு, வெளிச்சம் சூரியனில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. சிக்கனமாக எரிவதால் லட்சக்கணக்கான கோடி வருஷம் தாங்கும். நட்சத்திரங்களில் முக்கால்வாசி இந்த ஜாதிதான், ஆனா ஒண்ணுகூட வெறும் கண்ணுக்குத் தெரியாது!

இந்தக் குடும்பத்தோடு நமக்குப் பழைய பழக்கம் உண்டு. ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, இரண்டு என்று 1689-ல் கண்டுபிடித்தது புதுச்சேரியில் இருந்த ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார். வால்நட்சத்திரம் பார்க்கப் போய் இது மாட்டியது. குள்ளனைப் பிடிக்க 1915 வரை ஆச்சு, அதுவும் தென்னாப்பிரிக்காவில்.

டெல்லியில் பிராக்ஸிமா உதிப்பதே இல்லை. ஜவ்வாது மலையில், காவலூரில், மே கடைசியில் ராத்திரி பத்து மணி வாக்கில் தெற்கே 15 டிகிரி உயரத்தில் நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒன்றரை முஷ்டி, அவ்வளவுதான். வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்குத் தென்வானம் தெரியும் என்பதும் ஒரு காரணம். 1986-ல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

அந்த ஒன்றரை முஷ்டி வானம்தான் முதலில் பறிபோகும் என்பது என் கவலை. அடிவானத்துக்குப் பக்கத்தில் பார்க்கும்போது, தலைக்கு மேலே பார்ப்பதைவிட நாலு மடங்கு காற்றைத் தாண்டிப் பார்க்கணும். ஊர் வெளிச்சமும் அங்கேதான் வந்து தேங்கும். நேர் தெற்கே செங்கம், தென்கிழக்கே திருவண்ணாமலை. கிரிவலப் பாதைக்கு விளக்கு வேண்டாம்னு சொல்ல நான் என்ன பைத்தியமா? மலைக்கிராமத்துக்காரர்களுக்கும் தெருவிளக்கு வேணும், யாரும் மறுக்கலை. ஆனா மூடி இல்லாத ஹைமாஸ்ட் விளக்கு வெளிச்சத்தில் ஒரு பங்கை ஆகாசத்துக்கு அனுப்பி யாருக்கு வழி காட்டுது? கரண்ட் பில் மட்டும் நம்ம வரிப்பணத்தில்.

கேட்பது ரொம்பச் சின்ன விஷயம்: விளக்குக்கு மேலே ஒரு தகரத் தொப்பி, வெள்ளைக்குப் பதில் மஞ்சள் பல்பு. மலையைச் சுற்றியுள்ள நகராட்சிகள் அடுத்த டெண்டரில் ரெண்டு வரி சேர்த்தால் போதும்.