உளிக்குப் பெயர் வேண்டாமா?

நம் சிறுபத்திரிகைச் சூழலில் ஒரு பந்திவஞ்சனை நெடுநாளாய் நடக்கிறது. 1850இல் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர் நமக்குக் 'கலைஞர்'; 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் பயின்றவர் 'கைவினைஞர்'. முன்னவரின் கோடுகள் நம் அட்டைகளை அலங்கரிக்கும். பின்னவரின் கற்சிலையைப் பற்றி ஒரு பத்தி எழுதவும் நமக்கு மனம் வராது.

சாஸ்திர அளவுப்படி செதுக்குவதில் படைப்பு எங்கே என்று கேட்பார்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிக் குடைந்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமை கொண்டான் மகேந்திரவர்மன். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் அந்தக் குடைவரை ஒற்றைக்கல் ரதமாகி, ராஜசிம்மன் காலத்தில் கட்டுமானக் கோயிலாக உயர்ந்துவிட்டது. மாறாததன் பெயரா மரபு? அவ்வளவு பின்னோக்கிப் போவானேன்? 2000இல் குமரியில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவருக்கு எந்த ஆகமம் அளவு சொன்னது? அதை வடித்த கணபதி ஸ்தபதி இதே கல்லூரியின் முதல்வராக இருந்தவர்தான்.

மறுபக்கத்தின் முரணையும் பாருங்கள். பணிக்கர் தலைமையில் 1966இல் சோழமண்டலத்தை நிறுவிய நவீனர்கள் பாத்திக் துணி முதலான கைவினைகளை விற்றுத்தான் தூரிகைக்கு வழி தேடினர். கைவினை அவர்களுக்குச் சோறிட்டது. நாமோ அதைத் திண்ணையில் உட்காரவைத்தோம்.

காஞ்சிப் பட்டுக்கு 2005-06இலும் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதே. ஆனால் அது காப்பது ஊரின் பெயரை. கோர்வைக் கரை நெய்தவர் யார், யாளி செதுக்கியவர் யார் என்று எந்த முத்திரையும் சொல்வதில்லை. நான்காண்டு கல்லோடு மல்லுக்கட்டிப் பட்டம் பெறும் மாணவன் இந்தப் பெயரின்மைக்குள்தான் காலடி வைக்கிறான்.

'நூலில் உள்ளது போதும்' என்று மாணவனின் கேள்வியை அடக்கும் ஆசிரியரும் இதில் பங்காளியே. பல்லவச் சிற்பி அப்படி அடங்கியிருந்தால் நமக்குக் குகைகள் மட்டுமே மிஞ்சியிருக்கும். எனினும் பெரும்பழி நம்முடையது. விமர்சனம் எழுதப்படாத கலை வளராது. கதைக்கும் கவிதைக்கும் பக்கம் பக்கமாய் மதிப்புரை எழுதும் நாம், ஒரு மாணவச் சிற்பியின் படைப்பை அவன் பெயரோடு, குறைநிறையோடு எழுதத் தொடங்கவேண்டும். அதற்கு அரசாணை தேவையில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பேருந்துப் பயணம் போதும்.